பைக் ஷெட்டில் பறந்த பொறி

அன்பு மாரிசெல்விக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என்னோடு ஷெட்டில் வேலை பார்த்து இப்போது ஊருக்கு வரும் சாத்தூர் ஜெபசுந்தர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஓமானில் சுற்றுலாக்காரர்கள் மணல்மேட்டில் ஓட்டும் நாலு சக்கர பைக் ஒன்றில் முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. புதுப் பாகம் வாங்க முதலாளிக்கு மனமில்லை. பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேராக முன்சக்கரத்தை இணைக்கும் பாகத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். 'டிக்'கென்று பிடித்துக்கொண்டது. பழைய வயர்தான் அரித்துப்போயிருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது.

ஆனால் வயரை வைத்தபோது சின்னதாய் ஒரு பொறி பறந்தது. "ஓடுங்கலே" என்று கத்திக்கொண்டே வெளியே பாய்ந்து மணலில் குப்புற விழுந்தேன். தாயில்பட்டி பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் பழகிய உடம்பு. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும், "இங்கன மருந்து கிடையாதுப்பா, எந்திரி" என்று தூக்கிவிட்டார். நானும் சிரித்தேன். பிறகுதான் மணியைப் பார்த்தேன். அந்த நேரம் நீ அந்த அறைக்குள்தானே இருந்திருப்பாய்.

வேலைக்குப் பருத்திச் சேலையே கட்டிப் போ. சீசன் ஆர்டர் என்று எம்புட்டு விரட்டினாலும், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் வைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே நுழையாதே.

அண்ணன் வண்டி வந்துவிட்டது. உன் போனை ஆலை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தெரியும். தினமும் சாயங்காலம் வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும்.

புகழேந்தி