உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

அண்ணை,

இன்று காலை ஒரு கல்யாணக் கார்ட் வந்தது. மூலையில் பூசிய மஞ்சள் வாசத்தோடு பிரித்தால், பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘ஓய்வுநிலை அதிபர்’ என்றிருந்தது. உடனே மனசால் லண்டனில் உங்கள் ஹரோ வீட்டு முன்னறைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உங்கள் மகளின் கார்ட் அடுத்த நாள் அச்சுக்குப் போகவேண்டும். நீங்களோ வெறும் பெயரை மட்டும் போடச் சொல்லிப் பிடிவாதம். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர், இங்கே பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்கி இளைப்பாறியவர். “அப்பா ஒண்டுமில்லாத ஆள் மாதிரிக் கிடக்கும்” என்று மகள் அழுதுகொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

“ஓய்வுநிலை புகையிரத நிலைய அதிபர் எண்டு போடுவம் அண்ணை.”

“நான் எங்கையடாப்பா ஓய்வு பெற்றனான்? கலவரத்தில விட்டிட்டு ஓடி வந்தனான். பொய் போடேலாது.”

இப்படியான இடத்துக்குத்தான் நான் பிறந்தவன். எண்பதுகளில் ஜேர்மனியில் எட்டு மாதம் இருந்தபோது, நான் அந்த மொழி பேசினால் பாண்கடைக்காரி வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்பாள்.

“அங்கை இதுக்கு ரூஹெஷ்டான்ட் எண்டு சொல்லுவினம். ரூஹெ எண்டா ஓய்வு. ஷ்டான்ட் எண்டா நிலை. எங்கட சொல்லு அப்பிடியே.”

கண்ணாடியைக் கழற்றினீர்கள். “ஆர் ஆரிட்டை எடுத்தது?”

“அவைதான் எங்களிட்டை. வேறை ஆரிட்டை எடுக்கிறது?”

“சரி, அதென்ன நிலை?”

“தரம் அண்ணை. முந்தி அங்கத்தை ராசா சேனாதிபதியை வீட்டை அனுப்பேக்கை வாளை மட்டும்தான் திருப்பி வாங்குவாராம். நிலையில கை வைக்கேலாதாம்.”

ராசாவுக்கு நான் கொஞ்சம் நகை போட்டிருக்கலாம். சொல்லின் இரண்டு பாதியும் சுத்தத் தங்கம்.

“உன்ர ராசா புளுகு” என்றீர்கள். பிறகு மெதுவாக, “அப்ப ஓடி வந்தவன்ர நிலை?”

“அதை ஆர் அண்ணை பறிச்சது?”

கண்ணாடியைத் திரும்பப் போட்டீர்கள். பிறகு மாடியைப் பார்த்து, “பிள்ளை, பேனையை எடுத்துக்கொண்டு வா” என்றீர்கள்.

“பக்டரியையும் போடுவமோ?” என்றேன்.

“அது ஷ்டான்ட் இல்லையடா, ஷிப்ட்.”

நீங்கள் கண்மூடிய பிறகும் எனக்கு அந்த விசாரணை ஓயவில்லை. ரெய்னர்ஸ் லேன் பஸ் தரிப்பில் எந்த நாட்டுக்காரன் நின்றாலும், இளைப்பாறியவனுக்கு உங்கள் பாஷையில் என்ன சொல்லு, அதைப் பிரித்தால் என்ன வரும் என்று கேட்கிறேன். இங்கிலீஷில் பின்வாங்கினவன் என்றுதான் வருகிறதாம். சிலரிடம் ஓய்வு மட்டும் கிடைக்கிறது. நிலையும் சேர்ந்து கிடைக்கிற நாளில், உங்களிடம் சொல்லவென்று ஹரோ பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். பாதி வழியில்தான் இறங்குகிறேன்.