சிவப்பு இழை வலது காதுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைத் திட்டுகிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, இந்த வாரம் ஏழு இஸ்திரிப் பெட்டி, நான்கு கெட்டில், எல்லாவற்றுக்கும் ஒயர்தான் போயிருந்தது. இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். அதைத் திறக்கும் முன் இதை முழுக்கப் படி. உன் மாமாவைப் பற்றியது. மாமா என்று எழுத விரல் வரவில்லை. என் தம்பி என்றே எழுதுகிறேன். அவன் எனக்குத் தம்பியானது என் தலையெழுத்து, அதில் உனக்குப் பங்கு வேண்டாம்.

ஐந்து வருடமாக நான் அவனோடு பேசவில்லை, தெரியும் உனக்கு. போன மாதம் கடை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு அறுந்த ஒயர். அவனுடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்காலிச் சக்கரம் ஏறி ஹெட்போன் ஒயர் நசுங்கிவிட்டதாம், அந்த முனை வேறெந்த ஒயரிலும் இல்லாத மாதிரி, திருகிப் பூட்டுவது, புதிது வரவழைக்க இரண்டு மாதம் ஆகுமாம், அக்கா நீ ஒன்று செய்து கொடு என்றான். ஒயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவனிடம் வேலை பார்த்த உன்னை, பாட வந்த பாடகர் முன்னால், பதிவுக்கு வந்த எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பினானே, அன்று உன் ஹெட்போனிலிருந்து உருவிக்கொண்ட அதே ஒயர். ஹெட்போன் நீ வாங்கியது, எடுத்துக்கிட்டுப் போ, ஒயர் ஸ்டுடியோவுடையது என்றானாம். நீ அழாமல் சொன்னாய். வால் இல்லாத அந்த ஹெட்போனை உன் அறை ஆணியில் மாட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனாய். ஐந்து வருடம் அதன்மேல் தூசி துடைத்திருக்கிறேன். செய்து தருகிறேன் என்றேன். கெடுக்கத்தான் ஒப்புக்கொண்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

மேசையில் நான்கு ஒயர் எடுத்து வைத்தேன். ஒன்று கெட்டில் ஒயர், அது வேடிக்கைக்கு. ஒன்று மைக்குக்குப் போடுவது, கனமாக, உள்ளே பின்னல் உறையோடு, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஒன்று தூக்கிப் போட்ட மலிவான காதுக்கருவியிலிருந்து, நூல் மாதிரி, இரண்டு இழுப்பில் போய்விடும். நான்காவது யாரோ திரும்ப வாங்க வராமல் விட்ட ஒன்று, துணி போர்த்தியது, சுருட்டினால் சுருண்டு, விட்டால் விழும். உன் ஹெட்போனை ஆணியிலிருந்து எடுத்து, அறுந்த ஒயரின் திருகு முனையை மாற்றி மாற்றி, முதல் மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். இரண்டு முழ நீளத்தில் எந்தத் தாமிரமானாலும் பாட்டு ஒன்றாகத்தான் கேட்கிறது. வித்தியாசம் கழுத்தைத் திருப்பும்போதுதான். மைக் ஒயர் சட்டைக் காலரில் உரசினால் போதும், காதுக்குள் யாரோ பெட்டியை இழுப்பது போல ஒரு சத்தம். விறைப்பான ஒயர் எல்லா உரசலையும் மேலே கொண்டுபோய்க் கொடுக்கும். இதுதான் அவனுக்கு என்று எடுத்து வைத்தேன். தலையை அசைக்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வரட்டும். பார்ப்பதற்குக் கனம், தருவதற்கு மரியாதை, உள்ளே வேதனை. உறவைப் போல.

ஆனால் கை கேட்கவில்லை. இருபது வருடமாக ஒரு ஒயரையும் வேண்டுமென்று கெட்டதாகப் போட்டதில்லை. மைக் ஒயரை எடுத்து வைப்பேன், கை துணி ஒயரிடம் போகும். கடைசியில் துணி ஒயரையே போட்டேன். உள்ளே மூன்று நிறத்தில் மயிர் போன்ற இழைகள், பச்சை இடது காதுக்கு, சிவப்பு வலது காதுக்கு, தாமிர நிறம் இரண்டுக்கும் பொது. நிறம் என்பது வெறும் சாயம் என்று நினைத்துவிட்டேன். அது பூச்சு. எரித்து எடுக்காமல் ஈயம் ஒட்டாது. கெட்டில் ஒயர் போடுகிறவளுக்கு அது எங்கே தெரியும். பச்சை எப்படியோ சூட்டில் பிடித்துக்கொண்டது. இழையில் இணைப்பு இருந்தால் மீட்டர் கூவும், வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன், அதற்குள் ஒயரை வாங்க வந்தவன் வாசலில் நின்று அவசரப்படுத்தினான். "குடு அக்கா, நானே கேட்டுப் பாத்துக்குறேன். எங்காதவிட உன் மீட்டர் பெருசா?" என்றான். பாம்புக்காது என்று பெயர் வாங்கியவன் அல்லவா. பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்து ஒயரை அங்கேயே மாட்டி, கண்ணை மூடி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டான். ரெண்டு பக்கமும் பளிங்கு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து ஆள் மூலம் திருப்பி அனுப்பினான். நீளம் அதிகம், மறுபடி சக்கரத்தில் மாட்டுகிறது, ஒரு சாண் குறைத்துக் கொடு என்று. திருகு முனையைத் தொடாமல் மறுமுனையில் குறைத்தேன். இந்த முறை மீட்டரை வைத்தேன். பச்சை கூவியது. சிவப்பு கூவவில்லை. திருகு முனையைத் திறந்து பார்த்தால், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஈயம் தனியாக உருண்டு நிற்கிறது, சிவப்பு இழை பக்கத்தில் சும்மா படுத்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே வலது பக்கம் பிணம். இரண்டு நாள் அதை மாட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். பளிங்கு என்றிருக்கிறான்.

நீ அன்று சொன்னது காதில் வந்தது. வலது பக்கத்தில் ஒரு இரைச்சல் இருக்கு மாமா என்று நீ மூன்று முறை சொன்னதும், ஒன்றுமில்லை, பதிவை அனுப்பு என்று அவன் சொன்னதும், பாடகர் திரும்பி வந்து வலது பக்கம் முழுக்க இரைச்சல் என்று கத்தியதும், இவளுக்குக் காதே இல்ல, இவள நம்பி விட்டது என் தப்பு என்று அவன் உன்னைக் காட்டியதும். அதற்குப் பிறகு ஒருவரும் உன்னை வேலைக்கு எடுக்கவில்லை. காது இல்லாத பெண். இப்போது எங்கோ ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிறாய்.

ஒரு முறை தற்செயலாக இருக்கலாம். அதனால் சிவப்பை நன்றாக எரித்துச் சுத்தமாகப் பற்றவைத்தேன். பச்சையைக் கழற்றிவிட்டேன். வலது மட்டும் உயிர், இடது பிணம். எடுத்துக்கொண்டு நானே போனேன். அதே அறை, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, அதே சக்கர நாற்காலி. அவன் மனைவி மேசையில் உட்கார்ந்து யார் யார் எப்போது பதிவுக்கு வருகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். மாட்டினான். ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். விரலால் தட்டினான். செத்துப்போச்சு அக்கா, ஒண்ணுமே வரல என்றான். அவன் மனைவி எழுந்து வந்து வாங்கி மாட்டினாள். உடனே முகத்தைச் சுளித்து ஒலியைக் குறைத்தாள். "வலது பக்கம் நல்லா வருதே. என்னங்க, இவ்வளவு சத்தமா வெச்சிருக்கீங்க?"

நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. அது ஒன்றுதான் நான் அங்கே பார்த்தது. அவனுக்குத் தெரியும். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒயரைக் கையில் சுற்றினான், பிரித்தான். நீ வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலிருந்தே என்றான். ஒரு காது வேண்டியிருந்ததால்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். அந்தக் காது உண்மை சொன்னபோது தன் குறையை உன் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறான். காது இல்லை என்பதற்காக அல்ல, இருந்ததற்காக. அவன் மனைவி நோட்டை மூடிவிட்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. வெளிய சொல்லிடாத அக்கா, பொழப்பு போயிடும் என்றான். "எம் பொண்ணு பொழப்பு போச்சே, அன்னைக்கு எங்கடா வெச்சிருந்த இந்த வாய?" என்றேன். அவன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிக்கொண்டேன். உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த இரைச்சலைக் கேட்டது யார், கேட்காதது யார் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பாடகரிடமும் சொல்ல வேண்டும் என்றேன். பத்து நாள் கெடு. இல்லாவிட்டால் பாடகர் வீட்டுக்கு நானே போவேன், மீட்டரோடு.

அப்பா சொல்கிறார், கூடப் பிறந்தவன், காது போனவன், பாவம் விடு என்று. காது போனது பாவம்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். நிறுத்தம் வந்தது. இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, பசித்தது. என்னைப் பற்றி எனக்கே இது தெரிந்தது இப்போதுதான். நீ பெரிய மனசு பண்ணி அவனை மன்னிக்க நினைத்தால் அது உன் இஷ்டம், எனக்கு மட்டும் சொல்லாதே.

பெட்டியில் உன் ஹெட்போன் இருக்கிறது. அதில் அந்த ஒயர். பச்சையையும் சேர்த்துப் பற்றவைத்தேன், மீட்டர் இரண்டு பக்கமும் கூவியது, அப்பாவையும் மாட்டச் சொல்லிக் கேட்டேன். நீளத்தை உன் பழைய சட்டையைக் கொடியில் தொங்கவிட்டு, கழுத்திலிருந்து பைவரை அளந்து வெட்டினேன். அந்தத் திருகு முனை இனி அவனிடம் இல்லை. இரண்டு மாதம் காத்திருக்கட்டும். ஒயரை இறுக்கிச் சுற்றாதே, பிடுங்கும்போது முனையைப் பிடி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எதைத் தொட்டாலும் அது உனக்கு நல்லதாகட்டும், எந்த வாயும் உன்னைக் குறைத்துப் பேசாதிருக்கட்டும்.

எட்டு நாள் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். கூப்பிடுவான். முதல் மணியில் எடுத்துவிடாதே, கொஞ்சம் அடிக்கட்டும். எடுத்தபின் நீ ஒன்றும் பேசாதே. வலது காதில் வைத்துக் கேள்.

உன் காதை நம்பும்,
அம்மா