கமூனா பெயரைச் சொல்லிப் பாடிய அடி

ஜெர்பாத் தீவு, ஹாரா யூதர் குடியிருப்பு

அன்பு மகள் மீஹாவுக்கு அம்மா வர்தா எழுதுவது. கடவுள் கருணையால் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், குளிர் வந்ததும் அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, அங்கே மார்செயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது, அதனால்தான்.

ஹனுக்கா விளக்குப் பண்டிகையில் வரும் பெண்பிள்ளைகள் பிறைநாளுக்குப் பேத்திக்குக் கற்றுத்தர வேண்டும், பழைய பாட்டெல்லாம் பாடி அனுப்பு என்று கேட்டாய். நீ கேட்டாயே என்ற சந்தோஷத்தில் காய் நறுக்கிக்கொண்டே போனில் பாடி அனுப்பினேன். நிச்சயமான பெண்ணைக் கேலி செய்யும் பாட்டில், உன் சித்தி கமூனாவுக்கு நாங்கள் அந்தக் காலத்தில் கட்டிய அடியையும் பாடித் தொலைத்துவிட்டேன். கமூனா அடுப்பிலே தீ எரியுது, ரொட்டியைத்தான் காணோம் என்று. மாமியார் வீட்டுக்கு அனுப்ப அவள் சுட்ட ரொட்டி கரியாகிப் போனதற்காகக் கட்டியது அது, அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா, கூடவே இருந்து அழுதவள்தானே நான். தீ எரிந்தும் ரொட்டி இல்லை என்றால் இப்போது கேட்பவர்களுக்கு அவள் வயிறுதான் நினைவுக்கு வரும் என்பது பாடும்போது புத்தியில் உறைக்கவே இல்லை மீஹா.

பாட்டு அழியக்கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் நீ அதை உங்கள் பெண்கள் குழுவில் போட்டிருப்பாய். வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போனால் அங்கே இரண்டு பெண்கள் கையிலிருந்த போனில் என் குரல். பெருமையாகக் கிட்டே போனேன், அதை எழுதவே கை கூசுகிறது. என்னைக் கண்டதும் போனை அணைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும், ஏன் வர்தாக்கா, பிள்ளையில்லாதவள இப்படியா ஊர் பூரா குத்திக்காட்டுறது என்று கேட்டாள். மீன் வாங்காமலே திரும்பினேன். வெள்ளிக் கடையில் உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் கமூனா வீட்டுக்காரர், உன் சித்தப்பா, அன்றைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாராம்.

சபாத் ஓய்வுநாள் கழிந்து ஞாயிறு காலை கமூனா வீட்டுக்குப் போனேன். கதவை அறைந்து சாத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவளோ உட்காரச் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்தாள். மன்னித்துவிடு என்றேன். அக்கா, அன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா பாடினீங்க, நானும் சிரிச்சேன், இப்பவும் என் முன்னால பாடியிருந்தா சிரிச்சிருப்பேன், ஊருக்கெல்லாம் பாடிட்டு என்னை மட்டும் விட்டுட்டீங்களே என்றாள்.

பிறைநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு மிஸாவின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டு வந்தது, பெண்கள் எல்லாரும் கூடினோம். கேலிப் பாட்டு நேரம் வந்ததும் ஒருத்தியும் தொடங்கவில்லை, நான் தர்புக்கா மேளத்தை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். கமூனாதான் தொடங்கினாள். தன் பெயர் வரும் அடியையே முழுசாகப் பாடினாள், யாரும் கைதட்டவில்லை. என்னக்கா, கை மரத்துப்போச்சா, தட்டுங்க என்றாள் என்னைப் பார்த்து. தட்டினேன், தாளம் தப்பித் தப்பி விழுந்தது. பிறகு மிஸா மகளின் நீள மூக்கை வைத்து அவள் புது அடி கட்டவும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், என்னால் முடியவில்லை. கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, பாட்ட அழிச்சிடாதீங்க, என் பேர மட்டும் எடுத்துடுங்க என்றாள். யார் பேரைப் போடுவது என்று அசடு மாதிரி கேட்டேன். உங்க பேரப் போடுங்க என்றாள்.

நேற்று சமையலறையில் தனியாகப் பாடிப் பார்த்தேன். வர்தா அடுப்பிலே தீ எரியுது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை. பிள்ளை பெற்று வளர்த்த எனக்கே வரவில்லை.

நீ போட்டதை இன்றைக்கே எடுத்துவிடு. சித்திக்குப் போன் போடு, மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, முதலில் சித்தி எப்படி இருக்கீங்க என்று கேள், நீ கேட்டே ரொம்ப நாளாகிறது. பேத்திக்குக் குளிரில் காதை மூடிவிடு. உன் வீட்டு விளக்குகள் எல்லாம் நின்று எரியட்டும், உன் வீட்டில் எப்போதும் பாட்டுச் சத்தம் கேட்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். சித்தியிடம் பேசிய பிறகு என்னைக் கூப்பிடு, அதுவரை வேண்டாம்.

வெட்கத்தோடும் முத்தத்தோடும்
உன் அம்மா வர்தா