பூக்கட்டிக் கேட்ட நர்ஸ் படிப்பு

அக்கா,

இன்று காலை, நீ எங்களிடம் விட்டுப்போன உன் மகள் செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களோடு வாசலில் நின்றாள். ஒன்றில் சரி என்பதற்கு வெள்ளை அரளி, இன்னொன்றில் வேண்டாம் என்பதற்குச் சிவப்பு அரளி. கெங்கையம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்க்கலாம், நீயும் வா சித்தி என்றாள். அந்தப் பூ வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு ஒரு நர்சிங் ஸ்கூலில் இடம் தருகிறார்களாம். அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்கிறார்களாம். நாளைக்குள் சேர வேண்டுமாம்.

அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "அவகிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். ஒருவாட்டி கேட்டு வாரிக்கட்டிக்கினதே போதும்."

அம்மனைத்தான் சொல்கிறாள். நீ போனதிலிருந்து அம்மா அந்தக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

நீ பன்னிரண்டாவது முடித்த வருஷமும் இதே பேச்சுதான் வீட்டில். உப்பளத்தில் காலை வைக்கமாட்டேன் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். அம்மாவின் பாத வெடிப்பைப் பார்த்து வளர்ந்தவள், வேறு எப்படி இருப்பாய்? உனக்குக் கிடைத்த ஸ்கூல் திண்டிவனம் போகிற வழியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் இருந்தது. அங்கிருந்தவரும் அப்பாவிடம், "பொண்ணு படிச்சு முடிக்கிறதுக்குள்ள கவர்மெண்ட் ஆர்டர் வந்துடும்ங்க" என்றார். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. அம்மன் சொல்லட்டும் என்றார். பொட்டலம் மடித்தவள் நீ. எடுத்தவள் நான், பாவாடை சட்டை போட்ட வயசு. வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மனிடம் கேட்ட நமக்கு நர்சிங் கவுன்சிலிடம் கேட்கத் தோன்றவில்லை. எங்கே போய்க் கேட்பது என்று உப்பு வாருகிற வீட்டில் யாருக்குத் தெரியும்?

படிப்பை முடித்தாய். விளக்கை ஏந்தி நீ நின்ற போட்டோவை அப்பா பெரிதாக்கி மாட்டினார். கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோது அப்படியொரு ஸ்கூலே லிஸ்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கேட்கலாம் என்று மேல்மாடிக்கு ஓடினால், அங்கே பந்திப் பாயைக் காயப்போட்டிருந்தார்கள்.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி உன்னைச் சேர்த்துக்கொண்டது. நோயாளிகள் முன்னால் டாக்டர் உன்னை சிஸ்டர் என்பார். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பெருக்குகிறவர்களோடு போய் நில் என்பார். நீயும் கையில் துடைப்பத்தோடு நின்றாய். கொரோனா வார்டுக்கு மட்டும் உன்னை நர்ஸாகத்தான் அனுப்பினார்கள். அங்கேதான் உனக்கும் தொற்றியது. நீ செத்த பிறகு நாங்கள் போய் நிவாரணப் பணம் கேட்டதற்கு, "அவங்க நர்ஸ் இல்லீங்க, ஹெல்ப்பர்" என்றார்கள். அந்த வாயில் புழு விழ.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு அக்கா. கடைசியாக வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாயே: "செவப்பே வைக்கலடி. ரெண்டுலயும் வெள்ளதான்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாய். உனக்கு அது வேடிக்கை. நான் அத்தனை வருஷம் பொட்டலத்தை எடுத்த என் கையை நொந்துகொண்டிருந்தேன். அம்மா இன்றுவரை அம்மனை நொந்துகொண்டிருந்தாள்.

காலையில் உன் மகளிடம், பூவெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு சென்னை பஸ் ஏறினேன். கவுன்சில் ஆபீசில் விசாரித்தேன். அங்கே இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினார். "அந்தப் பேரு எங்க லிஸ்டுல இல்லீங்களே. சேத்துட்டு அப்புறம் வந்து அழுவாதீங்க" என்றார்.

சாயங்காலம் வந்து விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வருஷம் கவர்மெண்ட் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுப் பார்க்கலாம், இது வேண்டாம் என்றேன். உன் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதுவரைக்கும் நான் உப்பு வாரணுமா? அம்மாவுக்கு அம்மனே சரின்னு சொல்லுச்சு. நீ யாரு வேணாங்கறதுக்கு?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அம்மன் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் உங்கம்மா வெள்ளையதான் வச்சிருந்தா" என்று போட்டு உடைத்துவிட்டேன். அடுப்பங்கரையில் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உன் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அம்மாவுக்கு அவ்ளோ ஆசையா இருந்துச்சா சித்தி?"

ஆமாம் என்றேன்.

"எனக்கும் அவ்ளோ ஆச இருக்குது."

இருக்கட்டும். நான் பணியவில்லை. இப்போது சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நாளைக்கு அவளை அந்த ஸ்கூலுக்கு அனுப்பப் போவதில்லை. நீ ஆசைப்பட்டபோது அம்மா, அப்பா, அம்மன் எல்லோரும் சரி என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. உன் மகளுக்கு நான் இருக்கிறேன். காலமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும்.