பிரிக்காத கீசர் பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முட்டிவலி, அப்பாவோட இருமல் எல்லாம் எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பயப்படாதே. ஒரு வீட்டில் கீசர் மாட்டிட்டு, சின்ன வயசில் என்னைக் குளிப்பாட்டும்போது நீ பார்ப்பியே, அதே மாதிரி தண்ணியில் விரலை விட்டுப் பார்த்தேன். லேசாச் சுட்டிடுச்சு. கூட வேலை செய்யறவன் இன்னும் சிரிக்கிறான்.

நான் அனுப்பின கீசரைப் பெட்டியோடவே வெச்சிருக்கியாம், அக்கா சொன்னா. "ஊருக்கெல்லாம் மாட்டுறவன் நம்ம வீட்டுக்கும் வந்து மாட்டட்டும்"னு நீ சொன்னா எப்படி? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கணும், எர்த் கட்டாயம் வேணும், கெட்டியான சுவரில் மாட்டணும். கீசர் விலையில் பாதி செலவாகும். வயரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. நீ வெந்நீர்க் குண்டானைத் தூக்கிட்டு நடக்கிறதை நினைச்சா இங்க எனக்கு வேலையே ஓடலை.

முதல்முதல்ல குழாயைத் திறக்கும்போது எனக்குப் போன் போடு. சத்தமாவது கேட்டுக்கறேன்.

கீழே எங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போற வேன் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். போனில் சொல்ல வாய் வரலைம்மா, அதான் எழுதறேன். இந்த வருஷமும் லீவு இல்லைன்னுட்டாங்க. பெட்டியைப் பிரிச்சிடு.

உன் மகன்