புல் முளைக்கக் கூடாது என்றீர்கள்

பக்கத்து வயலில் சோளத்தட்டையை எரிக்கிறார்கள். கொடியில் காயப்போட்ட புடவையெல்லாம் புகை நாற்றம். மாசியில் இந்த நாற்றம் வந்தாலே நீங்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறீர்கள். செத்துப்போன புருஷனைப் பூ வாசத்தில் நினைக்கக் கொடுத்துவைத்தவள் இல்லை நான்.

மக்காச்சோளம் ஒடித்த கையோடு தட்டைக்குத் தீ வைத்துவிடுவீர்கள். "வயலு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கணும் புள்ள. பாக்குறவன் அசந்துடணும்." கரிசல் வெந்து, மண்புழு வெந்து, கருகிய தரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள், ஏதோ சண்டையில் ஜெயித்தவர் போல. கல்யாண மண்டபத்தில் எந்த மடையன் விதைப்பான் என்று கேட்டேன். "பொம்பளைக்கு வெவசாயம் என்ன தெரியும்?" என்றீர்கள்.

மாடு தின்றது இந்த மண்ணில் விளைந்த புல்லை. அதன் சாணம் இந்த மண்ணுக்குத்தானே திரும்ப வேண்டும்? நீங்கள் அதைக் கேரளா லாரியில் ஏற்றிவிட்டு, பாடாலூர் போய் யூரியா மூட்டையோடு வருவீர்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்களே, அதைச் செய்துவிட்டு மீசையை வேறு தடவிக்கொள்வீர்கள். மண் இறுகிப்போனது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. கதிர் சிறுத்ததும் விதை விற்றவனைத் திட்டினீர்கள், வானத்தைத் திட்டினீர்கள், என் ராசியைத் திட்டினீர்கள்.

படுக்கையில் விழுந்த பிறகாவது புத்தி வந்ததா? "என்னைய நம்ம வயலுலயே பொதச்சிடு. மேல சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டிடு. புல்லு பூண்டு மொளைக்கக் கூடாது." நான் தலையாட்டவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. என்றைக்குத்தான் கவனித்தீர்கள்?

வயலில்தான் புதைத்தோம். காரியம் முடிந்த மறுநாளே உங்கள் தம்பி சிமெண்டு மூட்டைகளோடு வந்து நின்றார்.

"அண்ணனோட கடைசி ஆசை, அண்ணி. செய்யலன்னா ஊரு என்ன பேசும்?"

"உங்க அண்ணன் ஆயுசு பூரா இந்த மண்ணுலேருந்து எடுத்துக்கிட்டே இருந்தாரு, தம்பி. செத்தாவது கொஞ்சம் குடுக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஊர் பேசியது, பேசி ஓய்ந்தது. மூட்டைகள் மாட்டுக்கொட்டகையில் நனைந்து கல்லாகிவிட்டன. இப்போது அவற்றின் மேல் கோழி உட்காருகிறது.

சாணத்தை விற்பதை நிறுத்தினேன். தட்டையை வெட்டிப்போட்டு மடக்கி உழுதேன். உங்களைப் புதைத்த இடத்தின் மேல் மட்டும் டிராக்டரை விடவில்லை. அங்கே கையால் குழி குத்தி விதை போட்டேன். மார்கழியில் போய்ப் பார்த்தால், மற்ற பயிரெல்லாம் தோள் உயரம். அங்கே மட்டும் ஆளை மறைக்கும் உயரத்தில் கரும்பச்சையாக நிற்கிறது. அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாமல் முழுசாகக் கொடுத்தது அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே ஓர் இளங்கதிரை ஒடித்தேன். வரப்பில் போன உங்கள் தம்பி பெண்டாட்டி நின்றுவிட்டாள். "ஐயோ அக்கா, அதையா திங்கப் போறீங்க?"

சுட்டுத் தின்றேன். நன்றாக இனித்தது. உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வராத இனிப்பு. இந்தப் புகையிலும் அது என் நாக்கில் அப்படியே இருக்கிறது. அதைத் தர நீங்கள் சாக வேண்டியிருந்தது.