மங்களத்துக்கு இரண்டு பற்கள்

சிங்கப்பூர், 6 ஆகஸ்டு 1962, திங்கள்

இன்று காலை டாக்டர் சேதுபதி என் மேசைக்கு வந்து, “உர்சுலா, இந்தப் பல் பிரிட்ஜ் முழுக்க உன் பொறுப்பு. டிசைனும் நீயே பண்ணு” என்றார். ஏழு வருடமாக அவர் வரைந்து கொடுத்த பொய்ப்பற்களை வார்த்துக்கொண்டிருந்தவள் நான்! சிராங்கூன் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடலாம் போலிருந்தது. ஓடவில்லை. கீழே போய் இரண்டு கிளாஸ் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பேஷண்ட் பெயர் மங்களம், வயது இருபத்திரண்டு. மாடி ஜன்னலில் துணி காய்ந்த மூங்கில் கம்பை அவள் அண்ணன் உள்ளே இழுத்திருக்கிறான், இவள் நேரே வாயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். வலது மேல் முன்பல் போயே போய்விட்டது. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கல்யாணம். அதற்குள் இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல் நிற்க வேண்டும்.

9 ஆகஸ்டு

போன பல் எப்படி இருந்ததென்று தெரிந்தால்தானே புதியதைச் செய்யலாம்? பல் தெரியச் சிரித்த போட்டோ கேட்டேன். ஆறு கொண்டுவந்தாள். ஆறிலும் வாய்க்குப் பூட்டு!

“ஸ்டூடியோவில பல்லைக் காட்டினா அம்மா கொன்னுருவாங்கக்கா. ஆனா நேராத்தான் இருந்துச்சு, சத்தியமா.”

10 ஆகஸ்டு

பொய்! பிளாஸ்டர் அச்சை அளந்து பார்த்தேன். இடது முன்பல் இருக்கும் அகலத்துக்கு அதன் ஜோடி அந்த இடைவெளியில் நேராக நுழையவே நுழையாது. திரும்பித்தான் நின்றிருக்கும். கள்ளி! கண்டுபிடித்த சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

14 ஆகஸ்டு

மாப்பிள்ளையே வந்துவிட்டார்! மருதப்பன், துறைமுகத்தில் கிளார்க். பல் போனதை மங்களம்தான் அவரிடம் சொன்னாளாம்.

“அக்கா, அந்தப் பல்லு லேசாத் திரும்பி, பக்கத்துப் பல்லு மேல ஏறி நிக்கும். நியூ வேர்ல்டு பார்க்குல ராட்டினத்துல சுத்துறப்பச் சிரிச்சா பாருங்க, அதுதான் முதல்ல தெரிஞ்சுச்சு.” என் பென்சிலைப் பிடுங்கி வரைந்தே காட்டினார். நான் வரைவதைவிட நன்றாக! “அதே மாதிரி பண்ணிடுங்க. அவகிட்டச் சொல்லிறாதீங்க லா.”

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

16 ஆகஸ்டு

சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

மங்களத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்தக் கோணப்பல்லையா? அதுக்காக ஸ்கூல்ல என்னை எவ்வளவு கேலி பண்ணாங்க தெரியுமா? போனதே நல்லதுன்னு இருக்கேன். எனக்கு நேராத்தான் வேணும்!” பிறகு, “அவர் எப்பக்கா பாத்தாரு?” என்று நாலு தரம் கேட்டாள்.

நான் இப்போது யார் பேச்சைக் கேட்பது? வாய் அவளுடையது. காலமெல்லாம் எதிரில் உட்கார்ந்து பார்க்கப்போகிறவர் அவர். மாதாவே, முதல் பிரிட்ஜே இப்படியா!

17 ஆகஸ்டு

இரண்டும் செய்யப்போகிறேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

24 ஆகஸ்டு

போட்டுப் பார்ப்பதற்கு அக்ரிலிக்கில் இரண்டும் தயார். நேர்ப்பல்தான் படுத்தி எடுத்தது. பக்கத்து உறைகளை நூலளவு ஒல்லியாக்கி இடம் பிடித்தேன். அடிப்பக்கம் ஈறில் பட்டும் படாமலும் நிற்கிறது, சோறு சிக்காது. கோணப்பல்? அதை மருதப்பன் வரைந்தபடியே செதுக்கினேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதன் மேல் எனக்கே ஆசையாகிவிட்டது, யாரிடமும் சொல்லக்கூடாது.

25 ஆகஸ்டு

முதலில் கோணல். கண்ணாடியைப் பார்த்து, “ஐயையோ, நானேதான்!” என்றாள். அடுத்து நேர். கண்ணாடியைக் கிட்டே பிடித்துக்கொண்டு அந்தப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள்.

“இதுதான்க்கா எனக்கு” என்றாள். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றேன்.

“பழசுதான் அவருக்கு ஞாபகம் இருக்குல்ல. அது போதும்.”

3 செப்டம்பர்

தங்கத்தில் வார்த்து, பல் நிற முகப்பு வைத்து, இன்று ஒட்டியாகிவிட்டது. டாக்டர் கடிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “ம்” என்றார். அவர் யாருக்கும் ‘ம்’ சொன்னதே இல்லை!

9 செப்டம்பர், ஞாயிறு

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் கல்யாணம். நான் இரண்டு பல் செய்ததை மாப்பிள்ளையிடம் சொன்னவள், எதை மாட்டினாள் என்று மட்டும் மூச்சுவிடவில்லை. தாலி கட்டி முடித்ததும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். மனுஷன் கண்ணை எடுக்காமல் பார்த்தார். சிரிக்கவில்லை! பந்தியில் பாயசம்கூட இறங்கவில்லை.

இலையை எடுக்கும் நேரத்தில் மருதப்பன் என் பக்கத்தில் வந்து குனிந்தார். “அழகா இருக்கா அக்கா. முகத்துல சந்தோஷத்தைப் பாத்தீங்களா?” போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் நகரவில்லை. “அந்த இன்னொரு பல்லு... தூக்கிப் போட்டுட்டீங்களா?”

12 செப்டம்பர்

இருவரும் வந்தார்கள். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அந்தக் கோணப்பல்லைக் கொடுத்தேன். மருதப்பன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் மாட்டிக்கொண்டார்.

“பைத்தியம் லா இவரு” என்று மங்களம் அவர் கையில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தப் பையை மேலோடு தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.